தாழ்வது ஓரிடம், ஒடிவது ஓரிடம்

விதை வெங்காயத்தை எங்கள் வீட்டில் அடுப்படிப் பக்கமாகத்தான் கட்டித் தொங்கவிடுவோம். விறகுப் புகை பட்டால் அழுகாது, பூச்சி அண்டாது. கூடத்தின் குறுக்கே சுவருக்குச் சுவர் கிடக்கிற பனை உத்தரத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மறுபக்கம் வெறும் மரம்.

போன வருஷம் நல்ல விளைச்சல். பாரம் கூடி, உத்தரம் வளைந்தது என் கண்ணுக்கே தெரிந்தது. குற்றாலத்தில் சாரல் இறங்கியிருந்த நேரம். அச்சன்புதூரில் எங்கள் வீட்டுத் தரையெல்லாம் ஈரம் கசிந்து ஓதம். வெங்காயத்தை இறக்கிப் போட்டால் அழுகிவிடும். இறக்காவிட்டால் உத்தரம் முறிந்து எல்லாம் விழும். புரட்டாசியில் நட எங்களுக்கு வேறு விதை கிடையாது. முட்டுக் கொடுக்க உறுதியான கட்டை ஒன்றுதான் இருந்தது. அதை எந்த இடத்தில் நிறுத்துவது?

தென்காசியில் வீட்டு பிளான் போடுகிற என் தங்கை மகளை வரச் சொன்னார் என் வீட்டுக்காரர். வந்தவள் முதலில் என்னிடம்தான் கேட்டாள்.

"பெரியம்மா, எங்கன ரொம்ப வளைஞ்சிருக்குன்னு நினைக்கிய?"

அஞ்சாம் வகுப்பு படித்தவளிடம் இதைக் கேட்டால் எப்படி? தலையைக் குனிந்துகொண்டே வெங்காயத்துக்கு நேர் கீழே கை காட்டினேன்.

அவள் உத்தரத்தின் அடிவிளிம்பை ஒட்டி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கொத்தனார் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். நூலுக்குக் கீழே மரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஏணியை நகர்த்தி நகர்த்தி அளந்தாள். கடைசியில் கூடத்தின் நடுவை ஒட்டி நின்றாள்.

"இங்கனதான்."

"அங்கன ஒத்த வெங்காயங்கூட இல்லயேட்டி," என்றார் வீட்டுக்காரர். "சுமக்குதவன் ஒருத்தன், முதுகு வளையுறது அடுத்தவனுக்கா?"

"மரம் ஒண்ணுதான பெரியப்பா. ரெண்டு பக்கமிருந்தும் சரிஞ்சு வந்து மரம் சமமா நிக்குத எடந்தான் ரொம்பத் தாழ்ந்த எடம்."

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மெதுவாக, "அப்போ முட்டுக்கட்டய இங்கன நிறுத்திரட்டா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பெரியம்மா. பாரம் தொங்குத எடத்துலதான் மரம் வெடுக்குன்னு வளையுது, ஒடிஞ்சா வெங்காயத்துக்கு நேராத்தான் ஒடியும். அங்கன நிறுத்துங்க."

"தாழுறது இங்கன, ஒடியுறது அங்கனயா? ஒன் படிப்பும்லாட்டி வளைஞ்சு போச்சு!" என்றார் வீட்டுக்காரர்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். மறுபடி கேட்க வாய் வரவில்லை. அவள் சொன்ன இடத்தில் முட்டுக்கட்டையை நிறுத்தினோம். சாரல் முடிகிறவரை, உத்தரத்தில் எந்த இடத்தைப் பார்த்துப் பயப்படுவது என்றே தெரியாமல் இருந்தேன்.

புரட்டாசியில் கொத்துகளை இறக்கினோம். ஒன்றும் அழுகவில்லை. எல்லாம் நிலத்துக்குப் போய்விட்டது. முட்டுக்கட்டையையும் எடுத்தாயிற்று. வெறும் உத்தரத்தை அண்ணாந்து பார்க்கிறேன், நடுவில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கிறது. பாரமே இல்லாமல் எதற்குத் தாழ்கிறது?

போன வாரம் தங்கை மகள் வந்திருந்தாள். இதைக் கேட்டுவிடத்தான், அவள் சாப்பிடும்போது பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்ததும், "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டேன்.