வெள்ளாற்றான் மேல் ஒரு பிராது

டீக்கடைக்காரர் ஒரு வாய் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தால்கூட, காலையில் மிஞ்சிய பாலோ என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான் சாமிதுரை. பிறவிச் சந்தேகம். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் மண்கூழை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கும் வேலை அவனுக்கு. சாயங்காலம் கை கழுவிவிட்டால் ஆள் எழுத்தாளன். பாலக்கரையில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் வலைப்பூவில் கதை போடுவான். ஆர்குட்டில் போய் நண்பர்களிடம் அதைச் சொல்லிவிட்டு வருவான். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ‘அருமை தல’, ‘கலக்கிட்டீங்க’ என்று பின்னூட்டம் வந்து விழும். அன்றைக்கெல்லாம் வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிள் தானாக ஓடும்.

அந்தப் பாயசத்தில் ஒரு கல் கிடந்தது. வெள்ளாற்றான் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவன். படமும் கிடையாது, ஊரும் கிடையாது. எந்தக் கதை போட்டாலும் ஒரே பல்லவிதான் பாடுவான். ‘முதல் பாரா உயிரோடு இருக்கிறது. மீதி, ஊர் கைதட்டுவதற்காக எழுதியது.’

இரண்டாயிரத்து எட்டு மழைக்காலத்தில் சாமிதுரை நாவல் எழுத உட்கார்ந்தான். ஒரு வரி எழுதுவதற்குள் வெள்ளாற்றான் என்ன சொல்வானோ என்று காதில் கேட்க ஆரம்பித்தது. முடிக்கிறவரை ஆர்குட்டும் வேண்டாம், வலைப்பூவும் வேண்டாம் என்று முடிவு செய்தான். ‘கொஞ்ச நாள் ஓய்வு’ என்று ஒரு வரி போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

எழுதித் தள்ளியிருக்க வேண்டும். நடந்தது வேறு. கைதட்ட ஆளில்லாத தாள் அவனைப் பார்த்து முறைத்தது. பொழுதோடு வீட்டுக்கு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனைக் கண்டு அவன் மனைவி சிவசங்கரிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“என்னாங்க, அந்த சென்டர்ல யாராவது எதுனா சொல்லிட்டாங்களா?”

“ஒண்ணுமில்ல, வேலையப் பாரு” என்றான். அவனுக்கோ வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் இருந்தவரை வெள்ளாற்றான் வெறும் பெயர். திரையை அணைத்த பிறகு எதிரில் வருகிறவர்கள் எல்லார் முகத்திலும் அவன் தெரிந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மாவா? கடைசியில் பேய் ஆனந்தராஜின் தோளில் வந்து உட்கார்ந்தது.

ஆனந்தராஜ் அதே கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவன். சாமிதுரையின் கூட்டாளி. கதை எப்படி என்று கேட்டால் “படிச்சேன்” என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டான். சொந்த ஊர் பெண்ணாடம். வெள்ளாறு எங்கே ஓடுகிறது? பெண்ணாடத்தில்தானே! போதாதா?

போலீசுக்குப் போகிற வழக்கா இது? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனான். எதிராளி மேல் பிராது எழுதி அங்கே வேலில் கட்டிவிட்டால் சாமியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். சாமிதுரைக்கு உலகத்தில் சந்தேகம் வராத ஒரே இடம் அதுதான். பெயரும் ஊரும் வேண்டுமே. ஆனந்தராஜ், பெண்ணாடம் என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தான். எழுதுகிறேன் என்று ஓய்வு எடுத்தவன், அத்தனை நாளில் எழுதி முடித்தது அந்த ஒரு தாள்தான்.

அடுத்த வாரம் ஆனந்தராஜ் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றான்.

“முந்தாநாளு பஸ்ஸு படியில வழுக்கிட்டேன்யா. தூரிகை புடிக்க முடியல.”

பிராதில் சாமிதுரை முடக்கச் சொன்னது அந்தக் கையைத்தான். கண் எழுத ஆளில்லாமல் பொம்மைகள் பலகையில் சேர்ந்துகொண்டே போயின. அந்தப் பக்கம் திரும்பவே அவனுக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை வெள்ளாற்றான் இவன் இல்லையென்றால்?

அன்று சாயங்காலமே பிரவுசிங் சென்டருக்கு ஓடி வலைப்பூவைத் திறந்தான். ‘அருமை தல’ ஆட்களில் ஒருவன்கூட எட்டிப் பார்த்திருக்கவில்லை. அவர்கள் வேறு எவனையோ தல ஆக்கியிருப்பார்கள். ‘ஓய்வு’ என்ற அந்த வரிக்குக் கீழே ஒருவன் மட்டும் திரும்பத் திரும்ப வந்து போயிருந்தான். ‘ஏன் எழுதவில்லை?’ ‘உடம்புக்கு ஏதாவதா?’ கடைசியாக, முந்தின நாள் தேதியில், ‘முதல் பாரா எழுதத் தெரிந்தவன் நிறுத்தக் கூடாது.’ மூன்றும் வெள்ளாற்றான்.

சாமிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே இன்னொன்றும் உறைத்தது. முந்தின நாளே ஆனந்தராஜ் கையில் மாவுக்கட்டு. அப்படியென்றால் டைப் அடித்தது அவன் இல்லை. ஒன்றும் அறியாதவன் கையையல்லவா சாமியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டோம்!

மறுநாள் வேலைக்கு இடையில் அவனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆனந்தராஜின் முகம் சுருங்கிப் போனது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

“இந்தக் கைதான்யா என் வூட்டுக்குச் சோறு போடுது” என்றான். பிறகு, “வா, போய் எடுத்துட்டு வரலாம்.”

கட்டிய பிராதைத் திரும்பப் பெற வேண்டுமானால் சமாதானமாகி ராஜினாமா எழுதித் தர வேண்டும். கோயில் வேப்பமரத்தடியில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள்.

“பிராதுல என்னான்னு எழுதுனே? சொல்லு, கேப்போம்.”

தன் எழுத்தை எந்த எழுத்தாளன் மறப்பான்? கூசிக் குறுகி ஒப்பித்தான். “சாமி, ஒரு மாசமா எனக்கு ஒரு வரி ஓடல. என் இலக்கியப் பாதையில் முள்ளாய் முளைத்த வஞ்சகன் ஆனந்தராஜின் கை முடங்கி, வையகம் என் மேன்மையை அறிந்திட அருள்வாயாக.”

ஆனந்தராஜ் கண்ணை மூடிக் கேட்டான்.

“மொத வரி உசுரோட இருக்குது. மீதி, ஊரு கைதட்டறதுக்காக எழுதுனது.”

சாமிதுரை பேனாவைக் கீழே வைத்தான். மாவுக்கட்டைப் பார்த்தான். பிறகு மடிமேல் கிடந்த மற்றக் கையைப் பார்த்தான்.

“எடது கையாலயா டைப் அடிச்சே?”

ஆனந்தராஜ் அந்த இடது கையால் தாளை அவன் பக்கம் தள்ளினான்.

“மொதல்ல ராஜினாமாவ எழுதுய்யா” என்றான். “ஒரே வரியில எழுது.”