சத்தம் குறைக்கும் பட்டனும் என் கட்டை விரலும்

என் இடது கட்டை விரல் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு மாதம் முழுக்க நம்பியிருந்தேன். விரலில் ஆரம்பித்து மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மேலே ஏறி, பொங்கலுக்குள் வாய் கோணிவிடும் என்று முடிவே கட்டிவிட்டேன். எந்தப் பக்கம் கோணினால் பார்க்கச் சகிக்கும் என்று கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் கோணிப் பார்த்தேன். வலது பக்கம் கொஞ்சம் எடுப்பாக இருந்தது.

இத்தனைக்கும் காரணம் என் கார். செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏறத் தொடங்கியிருந்த காலத்தில், சென்னையில் ரிட்டையர் ஆன ஒரு அதிகாரியிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. எங்கள் உத்திரமேரூரில் வேறு எந்தக் காரிலும் நான் பார்த்திராத ஒரு வசதி அதில் இருந்தது. ஸ்டியரிங்கின் இடது பக்கத்திலேயே ஐந்து பட்டன்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, பாட்டை மாற்ற இரண்டு, மொத்தமாக வாயை அடைக்க ஒன்று. வாங்கிய புதிதில் நான் கூட்டிக் குறைத்து விளையாடியதில், என்னோடு பக்கத்து ஊர் திருப்புலிவனம் வரை வந்த யாரும் ஒரு பாட்டை உருப்படியாகக் கேட்டதில்லை.

ஐந்து வருடத்தில் பட்டன்கள் மேல் இருந்த குறிகள் எல்லாம் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. அதனால் ஒன்றும் மோசமில்லை, எது எங்கே என்று விரலுக்கே தெரியும். பிறகு ஒருநாள் குறைக்கும் பட்டன் என்னை மதிப்பதை நிறுத்தியது. அழுத்தினேன், குறையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். தினமும் அப்படி அழுத்தியதில் விரல் நுனி மரத்துப் போனது. விரல் மரத்துப் போனதால்தான் பட்டனை அழுத்த முடியவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். எது முன்னால், எது பின்னால் என்று பிரித்துப் பார்க்கிற புத்தி அந்த மாதம் லீவில் இருந்தது.

சந்தேகத்தை ஊர்ஜிதம் செய்தவள் என் மனைவி. பக்கத்து சீட்டிலிருந்து, காது கிழிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டி, பட்டனின் ஓரத்தில் ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு குத்துக் குத்தினாள். சத்தம் பெட்டிப் பாம்பாக அடங்கியது. அவள் நகத்துக்கு இருக்கிற தெம்பு என் கட்டை விரலுக்கு இல்லை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாவி அவள் தம்பியிடம் போய்விடும். அதுதான் பயம். எங்கள் பெண்ணுக்குப் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் ஒரு இடம் பார்த்திருந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். என் மச்சான் டிராக்டர் ஓட்டிப் பழகியவர். மூன்றாவது கியருக்கு மேல் ஒன்று இருப்பதை நம்பாதவர். சாவியின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். மாமா, நீங்கள் காலை நீட்டி உட்காருங்கள், நான் ஓட்டுகிறேன் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். சம்பந்தி வீட்டு வாசலில் பெண்ணைப் பெற்றவன் பின் சீட்டிலிருந்து நோயாளியாக இறங்குவதை நினைத்தாலே தோள் வரை மரத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் யாருக்கும் சொல்லாமல் பஜாரில் இருந்த டாக்டரிடம் போய், பக்கவாதம் விரலில் ஆரம்பித்துவிட்டது என்றேன். அவர் தன் இரண்டு விரல்களை என் இடது கையில் கொடுத்து இறுக்கச் சொன்னார். உயிர் ஆசையோடு இறுக்கினேன். அவர் கையை உருவிக்கொண்டு உதறினார். பலம் எருமைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறதே, எந்த வேலைதான் செய்ய முடியவில்லை என்று கேட்டார்.

"சத்தத்தைக் குறைக்க முடியல டாக்டர்."

அவர் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகுதான் நான் காரைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் எழுந்து வெளியே வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தன் கட்டை விரலால் அந்தப் பட்டனை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார்.

"அப்போ எனக்கும் பக்கவாதமா?" என்றார்.

உள்ளே போய் மருந்துச் சீட்டை எடுத்து, மருந்து எழுதுகிற இடத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரேடியோ கடை என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடைக்கார பாய், டிவி ரிமோட்டிலிருந்து மிக்சி வரை எதையும் பிரித்துவிடுவார். அவர் வீட்டில் எல்லாரும் துணி வியாபாரம், இவர் ஒருவர்தான் ஸ்குரூ டிரைவர் பக்கம் வந்தவர். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உள்ளே ஏர்பேக் என்கிற காத்துப் பை இருந்தாலும் இருக்கும், கரண்ட் முழுக்க அடங்கட்டும் என்றார். காத்துப் பை வெடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, எனக்கான டீயை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று குடித்தேன்.

மெதுவாகப் பட்டன் கட்டையை நெம்பி எடுத்து, அதன் அடியிலிருந்த ரப்பரைத் திருப்பிப் பார்த்தவர் கை காட்டிக் கூப்பிட்டார்.

"இன்னா சார், பட்டனுக்கு சோறு ஊட்டிக்கினு இருந்தீங்களா? உள்ள இன்னாமோ காஞ்சிப் போய் கீது."

மஞ்சளாகவும் சிவப்பாகவும் பொருக்குத் தட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் எல்லாரும் வண்டியின் நெற்றிக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் பொட்டு வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. உழைக்கிற எதையும் விட்டுவிடக் கூடாது என்று, ஐந்து பட்டனுக்கும் தனித்தனியாகச் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைப்பேன். மறுநாள் ஈரத் துணியால் துடைப்பேன். அப்படி ஐந்து வருடம். குறைக்கும் பட்டன் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. வழிந்ததெல்லாம் அதற்குள்தான் இறங்கியிருந்தது. இதைச் சொன்னதும் பாய் சிரிக்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்.

"சாமிக்கு வைங்க சார், வேணான்னு சொல்லல. சுவிட்சு மூச்சு வுட கொஞ்சம் வழி வுட்டு வைங்க."

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தார். ரப்பரின் அடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு, அது போய்த் தொட்டால்தான் வேலை நடக்கும், நான் குத்திய குத்தில் இந்தப் புள்ளி நடுவில் வழுக்கையாகி ஓரத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று காட்டினார். என் மனைவியின் நகம் குத்தியது அந்த ஓரத்தில்தான். சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித் தாளை உருவி, மிளகு அளவுக்கு வட்டமாக வெட்டி, அந்தப் புள்ளியின் மேல் பசை வைத்து ஒட்டினார். டிவி ரிமோட்டுக்கும் இதே வைத்தியம்தானாம். மேலே அழிந்துபோன குறிகளையும் வெள்ளைப் பெயிண்டில் போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரி வயரைக் கொடுத்து, பாட்டைப் போட்டார். நான் விரலைப் பட்டன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

"அமுக்கு சார். கடிக்காது."

பட்டும் படாமலும் தொட்டேன். சத்தம் குறைந்தது.

நடந்தது இவ்வளவுதான். ரப்பர் புள்ளி தேய்ந்திருந்தது, அதன் மேல் சந்தனம் காய்ந்திருந்தது. விரலுக்கு ஒன்றுமில்லை. பலமாக அழுத்துவதை நிறுத்தியதும் நுனி மரத்திருந்தது இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெருநகருக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். மச்சான் பின் சீட்டில் வந்தார்.