சனிக்கிழமை ஓடாத கேமரா

பஹ்ரைனில், ஈசா டவுனில் இருந்த என் வீட்டுக்கு விடுமுறை நாட்களில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர்; பக்கத்து கம்பெனியில் கிளார்க். என் கணினியில் மனைவியைப் பார்த்துப் பேசுவதற்கு முன் ஐந்தாறு முறை தலை வாருவார்.

என் பிள்ளைகள் பள்ளி நாட்களில் அரட்டையில் உட்கார்ந்துவிடாதபடி, வீட்டிலிருந்த சின்ன லினக்ஸ் ரவுட்டரில் ஒரு தடை எழுதி வைத்திருந்தேன். அப்போதைய வார விடுமுறையான வியாழனும் வெள்ளியும் மட்டுமே கேமரா வழியாகப் பேச முடியும். பிறகு அரசு வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது. மாறிய முதல் சனிக்கிழமையே அவர் வந்தார்.

"மனுசி கைக்குழந்தையோட வவுனியா நெட் கஃபேயில நிக்கிறா அண்ணை. பிள்ளையின்ர முகத்தை நான் இன்னும் பாக்கேல்லை."

மற்ற பக்கங்களெல்லாம் திறந்தன. கேமரா மட்டும் ஓடவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினேன், மோடத்தை அணைத்துப் போட்டேன். அவர் சீப்பும் கையுமாக அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

"சாமான் உங்களோட கோவமோ?" என்று சிரிக்கப் பார்த்தார்.

கடைசியில் ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். நான் எழுதிய பழைய கிழமைகள் அப்படியே இருந்தன. அதற்குள் அவருடைய மொபைல் ஒலித்தது.

"சரி சரி, கடைசி பஸ்ஸை விட்டிடாதையும்" என்று மனைவியிடம் சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டெலிபோன் கம்பெனிக்காரன் தடுத்துட்டான் போல" என்றேன். இணையவழிப் பேச்சை டெலிபோன் கம்பெனிகள் அடிக்கடி முடக்கிய அந்நாட்களில், வளைகுடாவில் யாரும் நம்பக்கூடிய பொய் அது.

"அவங்கள் அப்பிடித்தான். பாவம், உங்கட லீவும் வீணாப் போச்சு அண்ணை."

இந்த வயதில் என் மறதியைக்கூட மன்னித்துக்கொள்கிறேன். என்னைத் திட்டக்கூட விடாமல் அவரைப் படியிறங்க வைத்ததை மன்னிக்க முடியவில்லை.