பொட்டு வைத்த 386

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் நாங்கள் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினோம். நாங்கள் என்றால் நானும் என் அத்தை மகனும். முதல் போட்டது அவர், பாடம் நடத்தியது நான். மாமா என்றுதான் கூப்பிடுவேன். முறைப்பையன் என்பதால் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்குப் பிறப்பிலேயே வந்தது. அதை நான் வீணாக்கியதில்லை.

எங்களிடம் இருந்தது 286 பிராசசர் போட்ட ஒரே ஒரு கம்ப்யூட்டர். மெட்ராஸில் எல்லாரும் 386-க்கு மாறிவிட்டார்கள் என்று மாமாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவர் 286-ஐப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

"இதெல்லாம் மாட்டு வண்டி. 386 எக்ஸ்பிரஸ் ரயிலு, தெரிஞ்சுக்க."

"எக்ஸ்பிரஸ் நம்ம சின்னசேலம் ஸ்டேஷன்ல நிக்காதே, மாமா."

முறைத்துவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறினார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையோடு பஸ்கள் நின்றுவிட்டன. கரும்பு இறக்கிவிட்டு வெறுமனே போன டிராக்டர் ஒன்றில் ஏறி, உள்கிராமங்கள் வழியாகச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தார். 386 பெட்டியை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாராம். மானிட்டரை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் துண்டால் கட்டியிருந்தார். தலை முதல் கால் வரை செம்மண். பெட்டி மேல் மட்டும் ஒரு தூசு இல்லை.

"புள்ள பொறந்தாகூட இப்டித் தூக்கினு வரமாட்டான் இவன்" என்றாள் அத்தை.

மறுநாள் காலை அத்தையே வந்து பூஜை போட்டாள். கம்ப்யூட்டருக்கு எங்கே பொட்டு வைப்பது என்று அவளுக்குக் குழப்பம். முன்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இங்க வட்டமா ஒண்ணு கீது பாரு. பொட்டு வெக்கறதுக்குன்னே வுட்டிருக்கான்" என்று சொல்லி, சந்தனம் குங்குமத்தோடு கட்டைவிரலை அதில் அழுத்தினாள். மாமா கைகூப்பி நின்றார். நானும்தான்.

அன்றைக்கும் பஸ் ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டவர்களில் சிலர், எங்கள் சென்டரில் ஏசி இருப்பதைக் கேள்விப்பட்டு மேலே வந்துவிட்டார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னதும் கோயில் மாதிரி பயபக்தியோடு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் கல்வராயன் மலைக்குப் போக வேண்டிய கடுக்காய் வியாபாரி ஒருவர். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு கம்ப்யூட்டருக்கும் போட்டி என்று அறிவித்துவிட்டார்.

நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பத்தாயிரம் வரைக்கும் உள்ள பகா எண்களைக் கண்டுபிடித்து, கடைசியில் 'முடிந்தது' என்பதற்கு ஒரு பீப் ஒலி. இரண்டிலும் அதே புரோகிராம். கீழே இட ஒதுக்கீடு பற்றி இரண்டு கட்சியாக வாதாடிக்கொண்டிருந்தவர்கள், மேலே வந்ததும் கலைந்து, 286 கட்சி, 386 கட்சி என்று புதிதாகச் சேர்ந்துகொண்டார்கள்.

"புதுசு மேல எட்டுன்னு ஒளிருதே, அது இன்னாங்க?" என்று கேட்டார் வியாபாரி.

மாமாவுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கக் கூடாது. "அது மாடல் நம்பருங்க" என்றார்.

ஆளுக்கு ஒரு கீபோர்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எண்டர் தட்டினோம். திரை இரண்டும் இருட்டாகக் கிடந்தன. மாமா புன்னகையோடு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீப் என்றது ஒன்று. என்னுடையது. 286.

கூட்டம் கை தட்டியது. மாமா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேபிளை ஆட்டிப் பார்த்தார். 386 அவசரமே இல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தது. அது பீப் அடித்தபோது பாதிப்பேர் படி இறங்கியிருந்தார்கள். பஸ் கிளம்பப்போகிறது என்று கீழே யாரோ கத்தியிருந்தார்கள்.

"மாட்டு வண்டி முந்திடுச்சு மாமா" என்றேன். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை சொன்னேன்.

சாயங்காலம் மாமா டிராக்டர் மண் போக மறுபடி குளித்துவிட்டு வந்து, ஈரத்துணியால் 386-ஐத் துடைத்தார். காய்ந்த குங்குமம் போனதும் அடியில் 'டர்போ' என்ற எழுத்து தெரிந்தது. துணி அழுந்தியதும் பக்கத்தில் எட்டு மறைந்து முப்பத்து மூன்று ஒளிர்ந்தது. அதுதான் வேகத்தின் அளவு; எங்கள் 286-க்கே அது பன்னிரண்டு. அத்தை பொட்டு வைத்தது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பட்டனில். அந்த ஒரு அழுத்தலில் எக்ஸ்பிரஸ் ரயில் பாசஞ்சராகிவிட்டது.

"போடு, திரும்பப் போடு!" என்று மாமா குதித்தார். அதே புரோகிராமைப் போட்டேன். டீ கிளாஸை நான் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பீப் அடித்தது. மாமா பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலிகள்தான் இருந்தன.

இதற்குள் கடுக்காய் வியாபாரி மலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். கச்சிராயபாளையம் முதல் வெள்ளிமலை வரை பஸ் நின்ற இடமெல்லாம் கதை இறங்கியிருக்கிறது. அந்த மாதம் சேர வந்தவர்கள் எல்லாரும் 286-ஐத்தான் கேட்டார்கள். மலையிலிருந்து மகளோடு வந்த ஒருவர் வாசலிலேயே சொல்லிவிட்டார்:

"ஜெயிச்ச பொட்டி முன்னாலதாங்க எம்பொண்ணு குந்தணும்."

மாமா டர்போ பட்டனில் ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினார். அந்த மனிதர் முழுக்கப் பொறுமையாகக் கேட்டார்.

"செரிங்க. ஆனா ஜெயிச்சது அதுதானுங்களே?"

386 முன்னால் ஈ காக்கா இல்லை. மத்தியான வேளைகளில் நான்தான் அதில் உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு, மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த சி மொழிப் புத்தகத்தை வாசிக்க, நான் தட்டிப் பழகினேன். தெரியாத இடத்தை "இது உனக்கு வேணாம்" என்று தாண்டுவார். அந்த இடத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். கிண்டல் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர் எதிராக உட்கார்ந்து செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன்.

மலைப்பெண் வகுப்பு முடித்த அன்று தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இந்தப் பொட்டிய ஒரு தபா நானும் பாக்கட்டுமா?"

உட்காரவைத்தேன். அவளே ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினாள். விடை வந்த வேகத்தில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, இன்னா வேகம்! அப்ப அன்னிக்கு ஏங்க்கா தோத்துச்சு?"

மாமா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் அவளுக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். மாமா இல்லாததால் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொன்னேன்.