வாசலில் கவிழ்த்து வைத்த ஹெல்மெட்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. நம்புங்கள், காலி பாட்டிலைத் தெருத்தொட்டியில் போட்டாலே முகம் சுளிப்பார்கள். நாங்களோ கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில், சுவருக்கு அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மி வளர்ந்தவர்கள். வந்த புதிதில் இந்த அமைதியில் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

போன மாதம் தங்கவயலின் கோரமண்டல் பகுதியிலிருந்து தம்பி குமார் அழைத்தான். அவன் மகள் நித்யாவுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நுழைவுத்தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், கம்ப்யூட்டரே கேமரா வழியாகக் கண்காணிக்கும். வெளிச்சத்தம் கேட்டால் தேர்வு ரத்து.

"ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குக்கா. அந்நேரம் நம்ம லைன் எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? மிக்சி, டிவி, குக்கரு... இன்னா பண்றதுன்னே தெரில."

நாங்கள் படித்த காலத்தில் கல்லூரிக்காக விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு ஓடினோம். இப்போது கல்லூரியே எங்கள் முன்னறைக்கு வருகிறது; ஆனால் அந்த விருந்தாளிக்குக் குக்கர் விசில் ஆகாதாம்! சிரித்தவளுக்குச் சட்டென்று அப்பா நினைவு வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து அவர் பகலில் தூங்கும்போது, அம்மா அவருடைய சுரங்க ஹெல்மெட்டை வாசலில் கவிழ்த்து வைப்பார். அதைப் பார்த்தால் எங்கள் லைனில் ஒருவரும் உரலில்கூட இடிக்கமாட்டார்கள்.

"அப்பா ஹெல்மெட்டு இருக்குதாடா?"

"பரண்மேல கீது... ஐயோ, அக்கா!" அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாயிற்று. லைனில் பாதிப்பேர் இளசுகள். யாருக்கு அது தெரியப்போகிறது என்று எனக்குச் சந்தேகம். தேர்வன்று, அங்கே பதினொன்று ஆனபோது இங்கே காலை ஏழரை மணி. என்ன தோன்றியதோ, என் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துக் கதவுக்கு வெளியே கவிழ்த்து வைத்தேன். சற்று நேரத்தில் அழைப்புமணி அடித்தது. எங்கள் அடுக்குமாடியின் எதிர்வீட்டு பிரிகிட்டா, கையில் என் ஹெல்மெட்.

"விழுந்து கிடந்தது" என்றார்.

"விழவில்லை. என் தம்பி மகள் தேர்வு எழுதுகிறாள்."

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்கே?"

"இந்தியாவில்."

பாவம், குழம்பிப்போனார். ஆனாலும் ஹெல்மெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பூனைபோல நடந்து போனார்.

அதற்குள் குமார் லைனின் கோடியிலிருந்து வீடியோ அனுப்பியிருந்தான். சத்தமே வரவில்லை, என் போன்தான் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். அப்புறம் ஒரு காகம் கரைந்தது. பக்கத்து வீட்டு சரசக்கா அதை முந்தானையை வீசி, வாய் திறக்காமல் விரட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஹெல்மெட்டின் கதையைப் பெரியவர்கள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தேர்வு முடிந்ததும் திரையிலேயே முடிவு வந்தது; உடனே வீடியோ காலில் கூப்பிட்டார்கள்.

"அத்தே! பாஸாயிட்டேன் அத்தே!"

நித்யாவுக்குப் பின்னால் லைன் மொத்தமும் வாய் திறந்தது. விசில், கைதட்டல், யாரோ தட்டை எடுத்து அடிக்கிறார்கள். நானும் என்னை மறந்து கத்திவிட்டேன். மறுபடி அழைப்புமணி. செத்தேன் என்று கதவைத் திறந்தேன்.

பிரிகிட்டா குனிந்து ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "தேர்ச்சி பெற்றுவிட்டாளா? அப்படியானால் இனி இது வேண்டாம்தானே?"

போனில் குமாரும் அப்பாவின் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் போனை உயர்த்திப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஜெர்மனியின் மாடிப்படி முழுக்க எங்கள் லைனின் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பிரிகிட்டா தன் கதவைச் சாத்தவில்லை.