தலைகீழாய் நட்ட மரவள்ளி

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து இரண்டாவது வருஷம். காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நான்தான் வாத்தியார். வயது இருபத்திரண்டு. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். தெரிந்த மாதிரி நடந்துகொண்டது ரொம்ப.

காலையில் ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து, ஜப்பான் பாட்டுப் பாடி, கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்து முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். மிச்ச நேரத்தில் இயற்கைப் பாடம் நடத்துவேன். கரும்பலகையில் ஒரு செடி வரைந்து, "இது வேர், கீழே இருக்கும். இது தண்டு, மேலே இருக்கும்" என்று சொல்லிக் கொடுப்பேன். சாக்பீஸ் கிடைக்காத காலம். காய்ந்த மரவள்ளிக் கிழங்குத் துண்டால்தான் எழுதுவேன். பாடம் முடிந்ததும் அந்தத் துண்டு எப்படியோ காணாமல் போகும். எந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போனது என்று நான் விசாரிப்பதில்லை.

அப்போதுதான் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்துக் காலி நிலம் முழுக்க மரவள்ளி நட வேண்டும், மூன்று வாரத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து பார்ப்பார் என்று. ஒழுங்காக நடாத வாத்தியாரை, ஜப்பான்காரன் காட்டை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அது நிஜமோ புரளியோ, சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருத்தரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் பேனா பிடித்த குடும்பம். மண்வெட்டி எந்தப் பக்கம் வெட்டும் என்றே யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த செட்டி வீட்டு அம்மா, தன் தோட்டத்திலிருந்து நாற்பது மரவள்ளிக் குச்சிகள் வெட்டிக் கொடுத்தார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்கள் அவர்கள்; அந்த வீடுகளில் தமிழ் பேச மாட்டார்கள், பேச்செல்லாம் மலாய்தான். எப்படி நடுவது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாத்தியார் கேட்கலாமோ? கௌரவம் என்னாவது?

நானே யோசித்தேன். குச்சியின் ஒரு முனை தடி, ஒரு முனை ஒல்லி. ஆணியை எப்படி அடிக்கிறோம்? ஒல்லி முனைதானே உள்ளே போகும்! பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்து, ஒல்லி முனையை மண்ணில் குத்தச் சொன்னேன்.

இரண்டாம் வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. அப்பா அம்மா ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்து பால் வெட்டியவர்கள். அங்கே அரிசி நின்றுபோகவே டவுனுக்கு வந்துவிட்டார்கள். அவள் மட்டும் குச்சியைக் குத்தாமல் நின்றாள்.

"சார், எங்க லயத்துல தடிப் பக்கத்தத்தான் மண்ணுல சொருகுவாங்க."

"நீ வாத்தியாரா, நான் வாத்தியாரா?"

"நீங்கதான் சார். ஆனா அது மரவள்ளிக்குத் தெரியாதே."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளைக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். நட்டதை எவனாவது பிடுங்கிப் பார்த்தால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்று எல்லோரையும் மிரட்டியும் வைத்தேன்.

இரண்டு வாரம் போனது. வேலிக்கு அந்தப் பக்கம், செட்டி வீட்டில் அதே சமயம் நட்ட குச்சிகளில் இலை விரிந்துவிட்டது. என் நாற்பதும் ஈமக்காட்டுக் குச்சி மாதிரி நின்றன. ஒரு சாயங்காலம் அந்த அம்மா வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"தெர்பாலிக், சிக்கு! செமுவா தெர்பாலிக்!"

எல்லாமே தலைகீழ், வாத்தியாரே! அவர் சிரித்த சிரிப்பில் எனக்குச் சயாம் ரயிலின் ஊதல் கேட்டது. சரி, இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, நாளைக் காலையில் எல்லாவற்றையும் பிடுங்கித் திருப்பி நட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் மண்வெட்டியோடு வந்தபோது, அதிகாரி எனக்கு முன்னால் வந்து தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். கூடவே மலாய் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் இலைகூட இல்லை. உட்கார்ந்தார். ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தார். என் உயிரும் கூடவே வேரோடு வந்தது.

மண்ணை உதறினார். ஒல்லி முனைப் பக்கத்திலிருந்து வெள்ளை வேர்கள் கீழே தொங்கின. மண்ணுக்குள் இருந்த கணுவில் சிவப்பாக இரண்டு தளிர். முதலில் கீழ்நோக்கிக் கிளம்பி, பிறகு குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து, மேலே ஏறிக்கொண்டிருந்தன. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாக நட்டது யார் என்று கேட்டார். எங்கிருந்தோ என் வாயில் ஒரு பொய் வந்தது. "இது... இயற்கைப் பாடம்."

அவர் நம்பவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். என்ன பாடம், யாராவது சொல்லுங்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர். நாற்பது வாயும் மூடியிருந்தன. ஒரு கை மட்டும் உயர்ந்தது. நான் காதைப் பிடிக்க வைத்த அதே கை! முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவள் கடைத்தெருவில் பேசும் பஜார் மலாயில் நிதானமாகச் சொன்னாள். குச்சியை எப்படி நட்டாலும் தளிர் வளைந்து மேலேதான் வரும், வேர் கீழேதான் போகும். தப்பாக நட்டால் நாள் கூட ஆகும். அதைத்தான் சார் எங்களுக்குக் காட்டுகிறார் என்று.

நான் அவளுக்கு இதில் ஒரு சொல்லைக்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை. பாடம் போதும், எல்லாவற்றையும் இன்றைக்கே சரியாக நடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சயாமுக்குப் பதில் ஒரே ஓர் அறை! அதற்குமுன் நான் அவ்வளவு இனிப்பான பொருள் எதையும் வாங்கியதில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளைகள் சாருக்கு அறிவு கலங்கிவிட்டது என்று பயந்துபோனார்கள்.

அவளைக் கூப்பிட்டு, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் காலால் மண்ணைக் கிளறினாள்.

"நேத்து ஒண்ண பிடுங்கிப் பார்த்தேன் சார். முதுகுத் தோல உரிச்சிராதீங்க."

அன்று மத்தியானம் அவள் முன்னால் நின்று சொல்லிக் கொடுக்க, குச்சிகளைத் திருப்பி நட்டோம். நானும் ஒரு மாணவனாக வரிசையில் நின்றேன். தடிப் பக்கம் எது என்று இரண்டு தடவை அவளிடம் கேட்டேன்.

பிறகு எத்தனையோ வருஷம் வாத்தியாராக இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை ஒரு குச்சி நேராகவும் ஒரு குச்சி தலைகீழாகவும் நடச் சொல்வேன். பிடுங்கிப் பார்க்கவும் சொல்வேன். எது மேல், எது கீழ் என்று வாத்தியாருக்கே தெரியாத ஒரு நாளில் அது குச்சிக்குத் தெரிந்திருந்தது, பிடுங்கிப் பார்த்த ஒரு சின்னப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் இன்று இதை எழுத நான் இருக்கிறேன்.