ஓங்கிய கோடாரி

மேனகாவின் குரலைத் தறிகள்தான் வளர்த்தன என்று நெல்லித்தோப்பில் சொல்வார்கள். பஞ்சாலையில் வேலை பார்த்த அவள் அப்பா பலராமனுக்குத் தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட அந்த வீட்டில் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவள் ‘காப்பி எடுத்துக்குங்க’ என்றதும் திடுக்கிட்டு வேட்டியில் கொட்டிக்கொண்டதை அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டாள்.

ஆலை மூடியது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார், குரல் மட்டும் குறையவில்லை. வருஷம் முழுக்கத் துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவளுக்கு ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி மட்டும் வேறு வேலை. வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேரில் மைக் அவள் கையில்தான்.

தொலைந்த பர்ஸ், வழியை அடைத்து நிற்கும் பைக், நீர்மோர் கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் அறிவிப்பாள். ஆனால் ஜனம் காத்திருப்பது அவள் சொல்லும் அம்மன் கதைக்கு. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் தொட்டுத்தான் தேர் கிளம்பும். அவர் வடம் தொட்டதும் மேனகா கதை தொடங்குவாள். கதையில் கோடாரி இறங்கும்போது மேளம் வெடிக்கும். அந்த மேளத்தோடு வடம் இழுபடும்.

இந்த வருஷம் கவர்னரின் கார் வந்து நின்ற நேரம் பார்த்து, மைக் பந்தலுக்குள் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பெயர் ஏலேன். பிரான்சிலிருந்து லீவுக்குச் சொந்த ஊருக்கு வந்தவள். பலூனுக்குச் சில்லறை எடுக்க மகளின் கையை விட்டிருக்கிறாள், திரும்பினால் பிள்ளை இல்லை. ஐந்து வயது, மஞ்சள் கவுன், அனைஸ் என்று பெயர். பிள்ளைக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

மேனகா தொண்டை கிழிய அறிவித்தாள். பீப்பி, ராட்டினப் பாட்டு, பம்பை, உடுக்கை எல்லாம் சேர்ந்து அந்தக் குரலையே விழுங்கின. அதற்குள் விழாக் குழு ராஜாங்கம் வேர்த்து வழிய வந்து நின்றார்.

“கவர்னரு வடத்துல கைய வச்சிட்டாரு. கதைய ஆரம்பிம்மா.”

“கொழந்தயக் காணோம்ண்ணா. தேரு நகந்தா ஜனம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். கொஞ்சம் நிறுத்தி வைங்க.”

“இத்தினி பேரு வடத்தப் புடிச்சிருக்கான். என் பேச்ச எவன் கேப்பான்? மேளத்துக்குத்தான் கேப்பானுங்க.”

அந்தச் சொல் மேனகாவைப் பிடித்துக்கொண்டது. ஏலேனைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு கதையைத் தொடங்கினாள்.

வீரராகவர் என்ற மீனவர் ஓடையில் வலை வீசியதைச் சொன்னாள். மீனே இல்லாத வலையில் ஒரு மரக்கட்டை சிக்கியது. சரி, அடுப்புக்காவது ஆகட்டும் என்று வீட்டுக்குத் தூக்கி வந்தார். பீப்பி, பம்பை, உடுக்கை ஒவ்வொன்றாக அடங்கின. ராட்டினக்காரன் பாட்டை நிறுத்தினான். ஒருநாள் விறகு இல்லை, மனைவி கோடாரியை எடுத்தாள், ஓங்கினாள்.

மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிவிட்டார்கள்.

மேனகா வாயை மூடிக்கொண்டாள்.

அத்தனை பெரிய கூட்டம் மூச்சு விடாமல் நின்றது. கடல் இரைவது பந்தலுக்குக் கேட்டது. மேனகா மைக்கை ஏலேனின் வாயருகே பிடித்தாள்.

“அனைஸ்! தூ எ ஊ?” எங்கே இருக்கிறாய் என்று தாய் பிரெஞ்சில் கேட்டது ஊரெல்லாம் ஒலித்தது.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு தேருக்கு முன்னால், வடம் பிடித்தவர்களின் கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு பொடிக்குரல் வந்தது.

“மமான்! இசி!” அம்மா, இங்கே என்றது பிள்ளை.

முன்வரிசையில் வடம் பிடித்திருந்த சிலம்பரசன் என்ற மீனவர் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் தோளில் மஞ்சள் கவுன் உட்கார்ந்திருந்தது. வடத்துக்கு மேல், தலைகளுக்கு மேல், கைமாறிக் கைமாறிப் பிள்ளை பந்தலுக்கு வந்து சேர்ந்தாள். ஏலேன் அவளை வாரிக்கொண்டு அழுதாள். மேனகாவுக்கும் கண் கலங்கியது. கதை நினைவே இல்லை.

கூட்டத்துக்கு இருந்தது. வடத்துப் பக்கமிருந்து சிலம்பரசன் குரல் கொடுத்தார்.

“யக்கா, கோடாரிய எறக்குக்கா. அந்தம்மாவுக்குக் கை வலிக்கப்போவுது.”

கவர்னர்கூடச் சிரித்துவிட்டார். மேனகா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் தன் வாயருகே கொண்டுவந்தாள். மனைவி கோடாரியை இறக்கினாள். அம்மன் குடியிருந்த கட்டையிலிருந்து குபுக்கென்று ரத்தம் பீறிட்டது. மேளம் வெடிக்க, செங்கழுநீரம்மன் தேர் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.